ஒரு யொரூபா குடும்பப் பெயரைப் படிப்பது எப்படி: ‘அடேயெமி’யின் பொருளும் இன்றைய பரவலும்

மேற்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் யொரூபா மொழியில் ஒருவரின் பெயர் பெரும்பாலும் ஒரு முழு வாக்கியமாக இருக்கும். ‘அடேயெமி’ என்று ஒருவரை அழைக்கும்போது, ‘மகுடம் எனக்குப் பொருந்துகிறது’ என்று எழுவாயும் பயனிலையும் கூடிய ஒரு கூற்றைச் சொல்லித்தான் அழைக்கிறோம். தென்மேற்கு நைஜீரியாவில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் இதுவும் ஒன்று. இன்று தென் லண்டனின் வீட்டுக் கதவுகளிலும், ஹூஸ்டன் மருத்துவமனைகளின் பெயர்ப் பலகைகளிலும், ஜெர்மானியக் கால்பந்து வீரர் ஒருவரின் சட்டை முதுகிலும் இதைக் காணலாம். ஆனால் இதன் பொருளைத் தேடுகிறவருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒற்றை வரி விளக்கமும், நாடுகளுக்கு நிறம் பூசிய ஒரு வரைபடமும்தான். அந்த இரண்டையும் நம்பி ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடப் புறப்பட்டால் வழி தவறும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெயர்ப் பரவல் வரைபடம் ஒரு குடும்பத்தின் பூர்விகத்தைக் காட்டுவதில்லை. ஒரு தாத்தாவின் பெயர் எந்த அலுவலகத்தில், எந்த மொழி தெரிந்த எழுத்தரின் கையால், எந்தக் காலத்தில் குடும்பப் பெயராக உறைந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. இந்த வழிகாட்டியின் படிகள் எல்லாம் அதைப் புரிந்துகொள்வதற்கானவை. அடேயெமியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டாலும், எந்த யொரூபாப் பெயருக்கும் இதே வரிசை பொருந்தும்.

முதல் படி: பெயரைச் சொற்களாகப் பிரியுங்கள்

அடேயெமியில் மூன்று சொற்கள் உள்ளன. ‘அடே’ என்றால் மகுடம். ‘யெ’ என்பது பொருந்துதல், தகுதியாக அமைதல் என்னும் வினை. ‘மி’ என்பது எனக்கு அல்லது என்னை என்னும் பிரதிப்பெயர். மகுடம், பொருந்துகிறது, எனக்கு என்பதே யொரூபாவின் சொல் வரிசை. வினை நடுவில் நிற்கும்.

இங்கே ‘எனக்கு’ என்று சொல்வது யார் என்ற கேள்வி எழ வேண்டும். எட்டு நாள் குழந்தை அதைச் சொல்லவில்லை. பெயர் சூட்டும் தந்தையோ பாட்டனோ, அந்தக் குழந்தையின் வரவால் தங்கள் வீட்டின் உரிமை உறுதிப்பட்டது என்று ஊரறியச் சொல்கிறார்கள். ஆகவே அந்தப் பெயரில் கேட்பது குடும்பத்தின் குரல்.

பிரித்த பிறகு முதற்சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். அகின்யெமி என்றால் வீரம் எனக்குத் தகும். ஓயேயெமி என்றால் பட்டப்பெயரும் பதவியும் எனக்குத் தகும். ஒலாயெமி என்றால் மேன்மை எனக்குத் தகும். ஓடேயெமி என்பது வேட்டைத் தொழிலையும், ஓகுன்யெமி என்பது இரும்பின் தெய்வமான ஓகுனையும், ஃபாயெமி என்பது இஃபா என்னும் குறிகேட்கும் மரபையும் வைத்து அமைந்தவை. வாக்கியத்தின் எலும்புக்கூடு ஒன்றே, குடியும் தொழிலும் தெய்வமும்தான் மாறுகின்றன. இந்த அமைப்பு பிடிபட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான பெயர்கள் தாமாகவே திறந்துகொள்ளும்.

சுருக்கப் பெயரில் மட்டும் ஏமாறக்கூடாது. ‘யெமி’ என்று அழைக்கப்படுபவர் அடேயெமியாக இருக்கலாம், ‘நன்றி சொல்வது எனக்குத் தகும்’ என்னும் ஓபெயெமியாக இருக்கலாம். 2015 முதல் 2023 வரை நைஜீரியாவின் துணை அதிபராக இருந்த யெமி ஒசின்பாஜோவின் முழுப்பெயர் ஒலுயெமி. சுருக்கத்தில் உதிர்ந்துபோவது எப்போதும் அந்த முதற்சொல்தான். தேடுகிறவருக்கு மிகவும் தேவையானதும் அதுவே.

இரண்டாம் படி: தொனியையும் புள்ளியையும் மீட்டெடுங்கள்

யொரூபா தொனி மொழி. ஒவ்வோர் அசைக்கும் உயர்ந்த, சமனான, தாழ்ந்த என்று மூன்று தொனிகளுள் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் இவற்றை ‘டோ, ரே, மி’ என்னும் மேற்கத்திய இசைச் சுரங்களால் கற்பிக்கிறார்கள். ‘ஒகோ’ என்று தமிழில் ஒரே மாதிரியாக நாம் எழுதக்கூடிய நான்கு சொற்கள் அங்கே உள்ளன. இரண்டு அசையும் சமனாக ஒலித்தால் கணவன். இரண்டாவது உயர்ந்தால் மண்வெட்டி. இரண்டாவது தாழ்ந்தால் வண்டி. இரண்டுமே தாழ்ந்தால் ஈட்டி.

லாகோஸை 1845 முதல் 1851 வரை ஆண்ட மன்னர் கொசோகோவின் பெயரில் வருவது அந்த மண்வெட்டிதான். ‘மண்வெட்டி இல்லை’ என்பது அதன் பொருள். பிறந்து பிறந்து இறக்கும் குழந்தையை யொரூபா மக்கள் ‘அபிகு’ என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மீண்டும் ஒரு குழந்தை பிறக்கும்போது, குழி தோண்ட இங்கே மண்வெட்டி இல்லை, ஆகவே நீ சாகக் கூடாது என்று சொல்லி வைக்கும் பெயர் இது. தொனி தெரியாமல் இதைப் பிரிக்கப் போனால் ‘கணவன் இல்லை’ என்று தப்பாகப் படிக்க நேரிடும். ஒரு தாயின் துயரம் முழுவதும் அந்தத் தவறில் மறைந்துபோகும்.

அடேயெமியின் தொனி வரிசை சமன், உயர்வு, சமன், உயர்வு. கூடவே, நடுவிலுள்ள ‘யெ’ என்பதன் உயிரொலி வாயை அகலத் திறந்து சொல்ல வேண்டியது. யொரூபாவை எழுதும் லத்தீன் எழுத்துமுறையில் அந்த உயிரெழுத்தின் கீழே ஒரு புள்ளி இருக்கும். புள்ளி இல்லாத ஒலியோடு வரும் வினைகள் வேறு: தொனிக்கு ஏற்ப அது பிழைத்திருத்தல் என்றும், விளங்குதல் என்றும் பொருள்படும். கடவுச்சீட்டிலும் வங்கிக் கணக்கிலும் இந்தப் புள்ளியும் தொனிக் குறியும் கிடையாது. எனவே அச்சில் கண்ட பெயரை வைத்துப் பொருள் சொல்லிவிடாமல், அந்தப் பெயருக்குரியவரோ யொரூபா பேசும் முதியவரோ உச்சரிப்பதைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

தொனி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ‘டுண்டுன்’ என்னும் பேசும் முரசே சாட்சி. இடை சிறுத்த அந்த முரசின் வார்களை அக்குளில் இடுக்கி அழுத்தியும் தளர்த்தியும் வாசிப்பவர் தொனியை மட்டும் கொண்டு ஒருவரின் பெயரை எழுப்புவார். கூட்டத்தில் இருப்பவர் தன் பெயர் அழைக்கப்படுவதைக் கேட்டு முன்னே வந்து, வாசிப்பவரின் நெற்றியில் பணத்தாளை ஒட்டுவார். ஆனால் அடேயெமிக்கும் ஒலுயெமிக்கும் தொனி வரிசை ஒன்றே. அதனால் முரசுக்காரர் வெறும் பெயரோடு நிற்காமல், அந்தக் குடும்பத்திற்கே உரிய புகழ்வரி ஒன்றையும் சேர்த்து வாசிப்பார். அந்தப் புகழ்வரிக்கு இறுதிப் படியில் திரும்ப வருவோம்.

மூன்றாம் படி: முதற்சொல் காட்டும் வீட்டைப் பாருங்கள்

‘வீட்டைப் பார்த்த பிறகே குழந்தைக்குப் பெயர் வைப்போம்’ என்பது யொரூபாப் பழமொழி. பெயர் சூட்டும் சடங்கு இப்போது எட்டாம் நாளில் நடக்கிறது. முன்பு பெண் குழந்தைக்கு ஏழாம் நாளும் ஆண் குழந்தைக்கு ஒன்பதாம் நாளும் இரட்டையர்க்கு எட்டாம் நாளும் என்று இருந்தது. தண்ணீர், தேன், உப்பு, கோலாக் கொட்டை, ஒரோக்போ என்னும் கசப்புக் கோலா, ‘அதாரே’ என்னும் காரமான விதை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் குணத்தைச் சொல்லி வாழ்த்தி, குழந்தையின் உதட்டில் தொட்டு வைத்துவிட்டுக் கூடியிருப்பவர்களுக்கும் சுவைக்கக் கொடுப்பார்கள். அந்தப் பழமொழி சொல்லும் வீடு என்பது சுவரும் கூரையும் ஆன கட்டடமன்று. அது ஒரு வம்சத்தின் தொழில், தெய்வம், அந்த வேளையில் அங்கே நிலவிய மகிழ்ச்சி அல்லது துக்கம் ஆகிய அனைத்தும்.

அடே என்று தொடங்கும் பெயர் மகுடத்தோடு தொடர்புடைய வீட்டைக் குறிக்கிறது. மகுடம் என்றால் அங்கே என்ன பொருள் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். யொரூபா அரசரான ‘ஓபா’ அணியும் பெருமகுடம் கூம்பு வடிவமானது. முழுவதும் சிறு மணிகளால் போர்த்தப்பட்டது. உச்சியில் பறவை உருவங்கள் இருக்கும். முன்புறம் மணிச்சரங்கள் திரையாகத் தொங்கி அரசரின் முகத்தை மறைக்கும். இந்த மணித்திரை மகுடத்தை அணியும் உரிமை, இஃபே நகரத்தின் மூதாதையான ஒடுடுவாவின் வழியில் வந்தவர்களுக்கே உரியது என்பது மரபு. அந்த உரிமையை யாரும் லேசாக விட்டுக்கொடுத்ததில்லை. 1903-இல் எலேபே என்னும் சிற்றரசர் மகுடம் அணியலாமா என்ற வழக்கு எழுந்தபோது, அதுவரை தம் ஊரைவிட்டு வெளியே வராத இஃபேயின் அரசர், முதலாம் ஒலுபுசே, கருத்துச் சொல்வதற்காக லாகோஸுக்கே வரவழைக்கப்பட்டார். மகுடம் எனக்குத் தகும் என்று ஒரு வீடு பெயர் வைத்தால், அந்தச் சமூகத்தில் அது எத்தனை கனமான சொல் என்பது இதிலிருந்து தெரியும்.

இந்தப் பெயரின் மிகப் புகழ்பெற்ற வீடு ஓயோ. ‘அலாஃபின்’ என்பது ஓயோ அரசரின் பட்டம். முதலாம் அடேயெமி 1876 முதல் 1905 வரை ஆண்டார். யொரூபா அரசுகள் தமக்குள் பல ஆண்டுகள் போரிட்டுச் சோர்ந்த காலம் அது. 1881-இல் லாகோஸிலிருந்த பிரிட்டிஷ் ஆட்சியைச் சமரசத்திற்கு அழைத்தவரும் அவரே. இரண்டாம் அடேயெமி 1945-இல் அரியணை ஏறி, 1950-களின் கட்சி அரசியலில் சிக்கி, நாடு கடத்தப்பட்டு 1955-இல் பதவியிழந்தார். அவருடைய மகன் லமிடி, மூன்றாம் அடேயெமியாக 1970 முதல் 2022 ஏப்ரலில் இறக்கும் வரை ஐம்பதாண்டுக்கு மேல் ஆண்டார். ‘லமிடி’ என்பது அப்துல் ஹமீது என்ற முஸ்லிம் பெயரின் யொரூபா வடிவம். யொரூபா மக்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பெருந்தொகையாக இருக்கிறார்கள். அடேயெமி என்ற பெயரை இரு சமயத்தாரும் தயக்கமின்றி வைத்திருப்பதால், அதைக் கொண்டு சமயத்தை ஊகிக்க முடியாது.

அடேயெமி என்ற பெயருள்ள எல்லாரும் ஓயோ அரச குடும்பத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. நான் மிக அதிகமாகக் காணும் தவறு இதுதான். யொரூபா நாட்டில் சிறிதும் பெரிதுமாக எத்தனையோ ஊர்களுக்கு ஓபா உண்டு. பல ஊர்களில் இரண்டு மூன்று அரச கிளைகள் முறைவைத்து ஆள்கின்றன. ஒவ்வொரு கிளைக்கும் பல தலைமுறைப் பிள்ளைகள் உண்டு. இத்தனை வீடுகளிலும், ஒன்றோடொன்று உறவே இல்லாமல், அதே வாக்கியம் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கும். இக்காலத்தில் அரச வழி அல்லாதவர்களும் ஒலியழகுக்காக அடே என்று தொடங்கும் பெயர்களைச் சூட்டுகிறார்கள். ஆகவே ஒரே குடும்பப் பெயர் இருப்பதால் உறவு என்று கருத இடமே இல்லை.

முதற்சொல் மாறுவதும் உண்டு. கிறிஸ்தவம் பரவியபோது இஃபாவையும் ஓகுனையும் பெயரில் வைத்திருக்க விரும்பாத குடும்பங்கள் அந்த இடத்தில் ‘ஒலு’ என்ற சொல்லை, தலைவன் அல்லது இறைவன் என்ற பொருளில், வைத்துக்கொண்டன. ஃபாயெமி ஒலுயெமி ஆகிவிடும். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளில் ஒரு கிளை பழைய பெயரோடும் இன்னொரு கிளை புதிய பெயரோடும் இருப்பது அரிதன்று. அடே என்ற சொல்லில் தெய்வப்பெயர் எதுவும் இல்லாததால் இந்த மாற்றத்திலிருந்து அது பெரும்பாலும் தப்பியது. இன்று அது இவ்வளவு பரவலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான்காம் படி: எந்தத் தலைமுறையில் உறைந்தது என்று கேளுங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் யொரூபா மக்களிடம் தலைமுறை தலைமுறையாக இறங்கும் குடும்பப் பெயர் வழக்கமில்லை. பிறப்பின் சூழலே தந்துவிடும் பெயர் ஒன்று உண்டு. இரட்டையரில் முதலில் பிறந்தவர் தைவோ, அடுத்தவர் கெகிண்டே. வீட்டார் சூட்டும் பெயர் ஒன்று உண்டு; அடேயெமி அந்த வகை. கொஞ்சி அழைக்கும் ‘ஒரிகி’ப் பெயரும் உண்டு, அஜானி, அகன்பி போன்றவை அப்படிப்பட்டவை. ஒருவரை அடையாளம் காட்ட வேண்டுமானால் தந்தையின் பெயரையும், ‘அக்போ இலே’ எனப்படும் பெருவீட்டையும், ஊரையும் சொன்னால் போதும்.

மிஷன் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, திருமுழுக்குப் புத்தகம், காலனி அரசின் சம்பளப் பட்டியல் ஆகியவை இரண்டாவதாக ஒரு பெயரைக் கேட்டன. கேட்ட அன்று சொல்லப்பட்டது பெரும்பாலும் தந்தையின் சொந்தப் பெயர். அது அவருடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கியபோது குடும்பப் பெயராயிற்று. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்திருந்து, வெளிநாடு போனபின் அதையே குடும்பப் பெயராக்கிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத செய்தி.

எனவே ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிக்கும்போது, ‘அடேயெமி என்பவர் உங்களுக்குத் தாத்தாவா, கொள்ளுத்தாத்தாவா?’ என்று கேட்பதே பயன்தரும் கேள்வி. அந்த ஒருவருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களின் வழிவந்தோர் வேறு வேறு குடும்பப் பெயர்களோடு அதே ஊரில் இருப்பார்கள். நெருங்கிய சொந்தங்கள் பெயர்ப் பட்டியலின் வேறு பக்கங்களில் கிடக்க, முன்பின் அறியாதவர்கள் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்பார்கள்.

லாகோஸ், அபேயோகுடா பகுதிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடிமைக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷ் கடற்படையால் விடுவிக்கப்பட்டு சியரா லியோனின் ஃப்ரீடவுனில் குடியமர்த்தப்பட்ட யொரூபா மக்கள் அங்கே ஆங்கிலப் பெயர்களைப் பெற்றார்கள். 1839-க்குப் பிறகு அவர்களில் பலர் தாய்நாடு திரும்பினார்கள். இவர்களைச் ‘சாரோ’ என்பார்கள். யொரூபாவின் முதல் அச்சு அகராதியைத் தொகுத்தவரும், 1864-இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயரானவருமான சாமுவேல் அஜாயி கிரவுதர் இப்படி விடுவிக்கப்பட்டவர். கிரவுதர் என்பது இங்கிலாந்துப் பாதிரியார் ஒருவரின் பெயரிலிருந்து எடுத்தது. பிரேசிலிலிருந்து திரும்பியவர்கள் ட சில்வா, ட ரோச்சா என்ற போர்த்துகீசியப் பெயர்களோடு வந்தார்கள். பின்னர் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த தன்மான உணர்வில் சிலர் பெயரை மாற்றினார்கள்: டேவிட் பிரவுன் வின்சென்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1894-இல் மொஜோலா அக்பெபி ஆனார். ஆக, லாகோஸில் ஜான்சன் என்ற பெயரும் யொரூபா வம்சத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். யொரூபாப் பெயரொன்றின் பின்னே இரண்டு தலைமுறை ஆங்கிலப் பெயர் இருந்திருக்கலாம்.

ஐந்தாம் படி: எழுத்துக்கூட்டின் வேடங்களைத் தேடுங்கள்

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பெனின் குடியரசில் யொரூபாப் பெயர்கள் பிரெஞ்சு முறைப்படி எழுதப்படுகின்றன. ‘உ’ ஒலிக்கு இரண்டு உயிரெழுத்துகள் சேர்கின்றன. ‘ஜ’ ஒலிக்கு முன்னால் ஒரு ‘ட’ சேர்கிறது. உயிரெழுத்துகளின் தலையில் பிரெஞ்சு அழுத்தக் குறிகள் ஏறுகின்றன. அவை யொரூபாத் தொனிக் குறிகளைப் போலவே தோன்றும். ஆனால் தொனியைக் குறிப்பவை அல்ல. நைஜீரிய எழுத்துக்கூட்டை மட்டும் தட்டித் தேடுகிறவர் எல்லைக்கு அப்பாலிருக்கும் உறவினரைக் காணவே மாட்டார்.

எழுத்துமாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அடேயெமியின் உடன்பிறப்பான இன்னொரு பெயரைச் சொல்ல வேண்டும். ‘அடேடொகுன்போ’ என்றால் மகுடம் கடல் தாண்டித் திரும்பி வந்தது என்று பொருள். வெளிநாட்டில் பிறந்து ஊருக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைக்கு வைக்கும் பெயர். லாகோஸ் தெருக்களில் ‘டொகுன்போ’ என்ற சொல்லை அன்றாடம் கேட்கலாம். கப்பலில் வந்திறங்கும் பழைய வெளிநாட்டுக் காரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். லாகோஸிலிருந்து ஏதென்ஸுக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் பெயர் இது. கிரேக்க எழுத்தில் இந்த ‘ட’வையும் ‘ப’வையும் எழுத நேர் எழுத்து இல்லை, ‘ந்-த்’, ‘ம்-ப்’ என்று இணைத்துத்தான் அந்த ஒலிகளைக் காட்டுவார்கள். 2013-இல் மகனுக்குக் கிரேக்கக் குடியுரிமை கிடைத்தபோது, பெயர் முதலில் கிரேக்க எழுத்துக்கும், அங்கிருந்து எழுத்துக்கு எழுத்தாக லத்தீனுக்கும் போயிற்று. அப்படித்தான் அடேடொகுன்போ, உலகமே அறிந்த கூடைப்பந்து வீரர் யானிஸ் அன்டெடோகும்போ ஆனார். மெல்லினத்தோடு சேர்ந்தால் வல்லினம் அதிரும் என்ற நியதியோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பது எளிதில் விளங்கும்.

இதற்கு எதிரான எச்சரிக்கையும் தேவை. அடேயெமோ என்பது அடேயெமியின் எழுத்துப்பிழை அல்ல. ‘மகுடம் குழந்தைக்குத் தகும்’ என்னும் தனிப் பெயர். கடைசி எழுத்தைக் கவனிக்காமல் இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு முழுவதும் கெட்டுப்போகும்.

ஆறாம் படி: இப்போது வரைபடத்தை விரியுங்கள்

நைஜீரியாவில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2006-இல். சுமார் 14 கோடிப் பேர் எண்ணப்பட்ட அந்தக் கணக்கெடுப்பு இனத்தையும் சமயத்தையும் கேட்கவே இல்லை. குடும்பப் பெயர்களின் அதிகாரபூர்வப் பட்டியலும் அங்கிருந்து வெளியாகவில்லை. எனவே ‘அடேயெமி என்ற பெயருடையோர் இத்தனை பேர்’ என்று கடைசி இலக்கம் வரை சொல்லும் எண்ணைக் கண்டால், அது ஏதோ ஒரு மாதிரிப் பட்டியலிலிருந்து பெருக்கிப் பெற்ற மதிப்பீடு என்று கொள்ள வேண்டும். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே கணக்கெடுப்புத் துறை 2000, 2010 ஆகிய ஆண்டுகளின் பதிவுகளில் நூறு முறையோ அதற்கு மேலோ வந்த குடும்பப் பெயர்களை வெளியிட்டிருக்கிறது. இரு நாட்டு எண்களையும் ஒரே வரைபடத்தில் ஒரே நிறத்தால் காட்டுவது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

பெயரின் அடர்த்தி தென்மேற்கின் லாகோஸ், ஓகுன், ஓயோ, ஒசுன், ஒண்டோ, எகிட்டி ஆகிய ஆறு மாநிலங்களிலும், அவற்றை ஒட்டிய குவாராவிலும் கோகியின் மேற்குப் பகுதியிலும் உள்ளது. கோகி மேற்கின் செனட்டராக இருந்த ஸ்மார்ட் அடேயெமியின் பெயர் அந்த வடகிழக்கு விளிம்பை நினைவூட்டும். ஒண்டோ நகரத்தின் கல்வியியல் பல்கலைக்கழகம் அடேயெமி என்ற பெயரைத் தாங்கி நிற்பது கிழக்குப் பகுதியை நினைவூட்டும். பழைய ஆவணங்களைப் படிக்கையில் மாநில எல்லைகளின் வயதையும் பார்க்க வேண்டும். ஓயோ, ஓகுன், ஒண்டோ மூன்றும் 1976-இல் பிரிந்தவை. ஒசுன் 1991-இல் ஓயோவிலிருந்தும், எகிட்டி 1996-இல் ஒண்டோவிலிருந்தும் பிரிந்தன. 1980-ஆம் ஆண்டுப் பதிவொன்றில் ‘ஓயோ மாநிலம்’ என்று இருந்தால், அந்த ஊர் இன்று ஒசுனில் இருக்கக்கூடும்.

வரைபடத்தில் மிகுந்த நிறத்தோடு தெரியும் லாகோஸ், பெரும்பாலான குடும்பங்களுக்குப் பூர்விகம் அல்ல. வேலை தேடி வந்தவர்களின் ஊர் அது. வடக்கே கடுனா, கானோ, ஜோஸ் ஆகிய இடங்களில் காணும் புள்ளிகளுக்குக் காரணம் பெரும்பாலும் இரயில் பாதை. 1901-இல் இபடானை எட்டிய பாதை அடுத்த பத்தாண்டில் கானோ வரை நீண்டது. எழுத்தரும் வணிகரும் தச்சரும் அதன் வழியே போனார்கள். லாகோஸின் மகோகோ நீர்ச்சேரியில் மிதக்கும் பள்ளியைக் கட்டிய கட்டடக்கலைஞர் குன்லே அடேயெமி பிறந்தது வடக்கிலுள்ள கடுனாவில்.

மேற்கே பெனின் குடியரசின் கேட்டு, சகேட்டே, சாவே, போர்டோ நோவோ வட்டாரங்களில் யொரூபா மக்கள் இருப்பது குடியேற்றத்தால் அல்ல. அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். 1889-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கோடு அவர்கள் நடுவே போயிற்று. டோகோவின் அதாக்பாமே பகுதியிலும் நெடுங்காலக் குடிகள் உண்டு. கானா நாட்டில் மட்டும் கதை தலைகீழ். அங்கே பல தலைமுறையாக வணிகம் செய்த யொரூபா மக்களை, 1969 நவம்பரில் வந்த அயலார் ஆணை இரண்டு வார அவகாசத்தில் வெளியேறச் சொன்னது. பிறந்த ஊரையே விட்டு, பெயரளவில் மட்டும் அறிந்த ஒக்போமோஷோவுக்கும் ஒஃபாவுக்கும் அவர்கள் மூட்டை கட்டினார்கள். இன்றைய வரைபடத்தில் கானா வெளிறித் தெரிவதற்கு அந்த இரண்டு வாரமும் ஒரு காரணம். இதைச் சொல்லாமல் அந்த வெளிறலைக் காட்டுவது எனக்கு ஏற்புடையதன்று. கோட் டிவாரின் அபிஜானில் மட்டும் ஒசுன் மாநிலத்து எஜிக்போ ஊர்க்காரர்கள் இன்றும் பெருந்தொகையாக இருக்கிறார்கள்.

கடல் தாண்டினால் பிரிட்டனும் அமெரிக்காவுமே முன்னிற்கின்றன. 1950-களிலும் 60-களிலும் படிக்க வந்தவர்கள் ஒரு பகுதி. 1980-களின் எண்ணெய் விலைச் சரிவுக்கும் 1986-இன் பொருளாதாரச் சீரமைப்புக்கும் பிறகு வந்தவர்கள் பெரும்பகுதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நைஜீரியாவில் பிறந்தோர் 2011-இல் சுமார் 1,91,000. 2021-இல் சுமார் 2,70,000. இவர்களில் யொரூபா அல்லாதவர்களும் உண்டு. அங்கேயே பிறந்த பிள்ளைகள் இந்த எண்ணில் இல்லை. தென் லண்டனின் பெக்கம் இவர்களின் அறியப்பட்ட வாழிடம். அமெரிக்காவில் ஹூஸ்டன், மேரிலாந்து, நியூயார்க், அட்லாண்டா பகுதிகளைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிறந்த நாவலாசிரியர் டோமி அடேயெமியும், 2002-இல் மியூனிக்கில் நைஜீரியத் தந்தைக்கும் ருமேனியத் தாய்க்கும் பிறந்த கால்பந்து வீரர் கரீம் அடேயெமியும், பெயரின் புதிய எல்லைகளைக் காட்டுகிறார்கள்.

ஏழாம் படி: வெற்றிடங்களையும் படியுங்கள்

பிரேசிலிலும் கியூபாவிலும் இந்தப் பெயர் வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அட்லாண்டிக்கின் மறுகரையில் யொரூபா வம்சத்தினர் மிக அதிகமாக வாழும் நாடுகள் அவை. கப்பலிலிருந்து இறக்கப்பட்டவர்களுக்குப் பதிவேட்டில் ஒரு கிறிஸ்தவப் பெயரையும், பின்னால் உடைமையாளரின் பெயரையோ இனத்தின் பெயரையோ எழுதினார்கள். கியூபாவில் யொரூபா மக்களை ‘லுகுமி’ என்றார்கள். 1843-இல் ட்ரியுன்விராடோ கரும்பு ஆலையில் எழுந்த கிளர்ச்சியின் தலைவியை வரலாறு கார்லோட்டா லுகுமி என்றே அறிகிறது. அவருடைய பெற்றோர் அவருக்குச் சூட்டிய வாக்கியம் அந்தப் பதிவேட்டில் இடம்பெறவில்லை. கொலம்பியாவில் லுகுமி இன்றும் வழக்கிலுள்ள ஒரு குடும்பப் பெயர். சியரா லியோனின் கிரியோ மக்களிடம் ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு முன்னே யொரூபாப் பெயர் வீட்டுப் பெயராக நிலைத்திருக்கிறது. அதனால் குடும்பப் பெயர்ப் பட்டியலில் அகப்படுவதில்லை.

மறுபக்கம், அமெரிக்காவில் காணும் ஒவ்வோர் அடே பெயரும் நைஜீரியாவிலிருந்து வந்ததன்று. டெட்ராய்டில் பிறந்த வால்டர் யூஜீன் கிங் என்ற கறுப்பின அமெரிக்கர், யொரூபா சமய மரபைத் தழுவி ஒசெய்ஜெமான் அடெஃபுன்மி என்று பெயர் பூண்டு, 1970-இல் தென் கரோலினாவில் ஒயோதுஞ்சி என்னும் கிராமத்தையே நிறுவினார். முன்னோரின் பெயர்கள் அழிக்கப்பட்ட ஒருவர், ஒரு மகுடப் பெயரைத் தேர்ந்து எடுத்துக்கொண்டதை வரைபடத்தின் புள்ளி விளக்காது.

எட்டாம் படி: பெயரை விட்டு வீட்டைக் கேளுங்கள்

இதற்குமேல் ஒரு குடும்பத்தின் வேரைத் தேட, குடும்பப் பெயர் உதவாது. ஊர் எது, ஊருக்குள் எந்தப் பகுதி, எந்தப் பெருவீடு என்று கேளுங்கள். அரச வழி என்று சொன்னால், எந்தக் கிளை என்றும் கேளுங்கள். ஓயோவிலேயே அலோவொலொடு, அகுன்லோயே என்று இரு கிளைகள் உள்ளன. மூன்று அடேயெமிகளும் முதற்கிளையினர். பிறகு அந்த வீட்டின் ‘ஒரிகி ஒரிலே’யைக் கேளுங்கள். வம்சத்தின் புறப்பாட்டு ஊர், முன்னோரின் செயல்கள், உண்ணக்கூடாத உணவு, தொழில் ஆகியவற்றைச் சொல்லும் நீண்ட புகழ்ப்பாட்டு அது. முரசுக்காரர் அடேயெமியை ஒலுயெமியிடமிருந்து பிரித்துக் காட்டச் சேர்க்கும் வரி அதிலிருந்து எடுத்ததுதான். வேறு வேறு குடும்பப் பெயர் உள்ள இரு வீடுகள் ஒரே ஒரிகியைச் சொன்னால் அவர்கள் ஒரே வேரினர் என்று நம்ப வலுவான இடமுண்டு. ஒரே குடும்பப் பெயர் உள்ள இருவரின் ஒரிகி வேறுபட்டால் தேடலை அங்கேயே பிரித்துவிடுங்கள்.

இந்தப் பாட்டை முழுமையாக அறிந்தவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டுக்கு மருமகள்களாக வந்து முதிர்ந்த பெண்கள். அவர்களைச் சந்திக்க வாய்த்தால் எழுதிக்கொள்ளப் பார்க்காதீர்கள். தொனி தாளில் தங்காது. ஒலிப்பதிவு செய்யுங்கள், ஊர்ப்பெயர் வரும் இடங்களை மட்டும் இரண்டாம் முறை நிதானமாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.